நூறு யென் அகலத்தில் ஒரு துளை

ரயிலில் எதிரே உட்கார்ந்து தூங்குகிறவர்களின் மூச்சை எண்ணுவது ஹிசானோ அக்காவின் பழக்கம்.

"அந்த மீசைக்காரர் நிமிஷத்துக்குப் பதினொண்ணு. நிம்மதியான ஆளு. பக்கத்துல இருக்கிறவரு பத்தொன்பது. ஆபீஸ்ல ஏதோ தப்புப் பண்ணிட்டு வந்திருக்காரு" என்று என் காதில் சொல்வார். தாமா ஆற்றைத் தாண்டி ஸ்டுடியோ நிறுத்தம் வருவதற்குள் ஒரு பெட்டி முழுவதையும் எண்ணி முடித்திருப்பார்.

இந்தப் பழக்கம் வேடிக்கையாக வந்ததல்ல. ஹிசானோ அக்காவின் அம்மா சிபா கடற்கரையில் மூச்சடக்கி மூழ்கிக் கடல்நத்தை எடுத்தவர். அம்மா நீருக்கடியில் இருக்கும்போது படகில் உட்கார்ந்து எண்ணுவதுதான் ஐந்து வயதில் ஹிசானோவுக்குக் கிடைத்த முதல் வேலை. பிறகு மூழ்குகிறவர்களுக்கான ரப்பர் உடை தைக்கும் பட்டறையில் பதினொரு வருடம். அங்கே கற்ற கையோடு எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்தார். ராட்சத மிருகங்களின் தோல், வேற்றுக்கிரகவாசிகளின் கை, விண்கல ஓட்டிகளின் உடை எல்லாம் அவர் ஊசியிலிருந்து வந்தவை. நாற்பத்து மூன்று வயது. கால் வலிக்காக எப்போதும் சிவப்பு ரப்பர் செருப்புதான் போடுவார். நான் காமிராவுக்குப் பக்கத்தில் ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்து ஒவ்வொரு ஷாட்டின் நேரத்தையும் குறிப்பவள். எண்ணுகிறவர்கள் என்பதால் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போயிற்று.

1979 கோடையில் 'விண்பருந்து' என்ற தொடருக்கு வேலை நடந்தது. ஞாயிறு மாலையில் நாட்டிலிருந்த பிள்ளைகள் எல்லாம் பார்த்த தொடர். கலம் உடைந்தால் விமானியைக் காப்பாற்றுகிற அழுத்த உடை அதில் ஒரு முக்கிய விஷயம். வெற்றிடத்தில் விழுந்ததும் உடை காற்றேறி உப்ப வேண்டும் என்றார் டைரக்டர் உசுகி.

ஹிசானோ அக்கா நாற்பது நாள் உழைத்து அதைச் செய்தார். வெள்ளி நிறத்தில் இரண்டு அடுக்கு ரப்பர் துணி. இரண்டுக்கும் நடுவே சைக்கிள் ட்யூப் மாதிரி காற்று. கம்ப்ரஸரிலிருந்து குழாய் வைத்து அடித்தால் கை, கால், கழுத்து எல்லாம் திரண்டு நிற்கும். அழகாக இருந்தது. ஆனால் அந்தக் காற்று பார்க்கிறவர்களுக்கு. உள்ளே இருக்கிறவருக்கு அதில் ஒரு வாய் கிடையாது. கழுத்துப் பட்டை உப்பினால் ஹெல்மெட்டின் அடியில் இறுக அடைத்துக்கொள்ளும். முதுகு ஜிப்பின் மேல் வெள்ளிப் பட்டி ஒன்றைப் பசை போட்டு ஒட்டுவோம். கையுறையும் உப்பிவிடுவதால் விரலை மடக்க முடியாது.

கதையில் அந்த உடை காற்றை உள்ளே வைத்துக் காக்கும். எங்கள் அரங்கில் அதே உடை காற்றை வெளியே நிறுத்தியது.

உள்ளே போகிறவர் ஹமுரா கெய்ஜி. முகம் தெரிகிற காட்சிகளில் நடிப்பவர் வேறு. விழுவது, எரிவது, தொங்குவது எல்லாம் ஹமுரா. தொடரின் முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலில் மதியச் சாப்பாடு கொண்டுவந்த கடையின் பெயர்கூட இருக்கும். ஹமுராவின் பெயர் இருக்காது. உடைக்குள் ஓர் ஆள் இருக்கிறார் என்று தெரிந்தால் பிள்ளைகளின் கனவு கலைந்துவிடும் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். ஒரு மனிதனை இல்லை என்று சொல்ல எவ்வளவு மென்மையான காரணம்!

ஒத்திகையின்போது ஒரு நிமிடம் நாற்பதாவது செகண்டில் ஹமுரா மயங்கி விழுந்தார். ஹிசானோ அக்கா நேரே உசுகியிடம் போனார்.

"எவ்வளவு நேரம் உள்ள இருக்கணும், டைரக்டர்?"

"ரெண்டு நிமிஷம் நாப்பது செகண்ட். ஒரே ஷாட்."

"மூச்சுக்கு?"

"அதான் ஹெல்மெட்டுக்குள்ள காத்து இருக்கே."

"தலை உள்ள போனப்புறம் எவ்வளவு மிஞ்சும்னு பாத்தீங்களா?"

"என் தலை பெருசுங்கிறீங்களா?"

"உங்க தலையப் பத்தி நான் ஏன் பேசப்போறேன். ஹமுரா தலையப் பத்திக் கேக்குறேன். முன்னாடி ஒரு சின்னத் துளை, அவரே இழுத்துத் திறக்கிற மாதிரி ஒரு ஜிப். அது போதும்."

"விண்வெளியில போடுற உடையில துளையா? காத்து வெளிய போயி விமானி செத்துடுவானேன்னு பசங்க கேப்பாங்க."

"விண்வெளியில பியானோக் கம்பிகூடத்தான் கிடையாது. அதுல கட்டித்தானே தொங்கவிடுறீங்க?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். உசுகி சிரிக்கவில்லை. உண்மையான காரணத்தை அப்போதுதான் சொன்னார். பொம்மைக் கம்பெனி இதே உடையில் ஒரு விமானிப் பொம்மைக்கு அச்சு வெட்டி முடித்துவிட்டது. தொடருக்குப் பணம் போடுவது அவர்கள்தான். பொம்மையில் துளை இல்லை, ஜிப் இல்லை. ஆகவே உடையிலும் இருக்கக் கூடாது.

"பொம்மை மூச்சு விடாது, டைரக்டர்."

"ஹமுரா பழகிக்குவான். தொழில்காரன்."

பிளாஸ்டிக் அச்சை மாற்ற முடியாது, மனிதனின் நுரையீரலை மாற்றிக்கொள்ளலாம் என்பது அவர்கள் கணக்கு. இந்தக் கணக்கைச் சுரங்கத்திலும் போட்டார்கள், நூற்பாலையிலும் போட்டார்கள். நான் படித்த புத்தகங்களில் எல்லாம் அது இருந்தது. என் கண்ணெதிரில் நடந்தபோது குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஹிசானோ அக்கா அதற்குமேல் வாதாடவில்லை. மறுநாள் உடையின் பிடரிப் பக்கம், கழுத்துப் பட்டைக்கும் ஹெல்மெட் வளையத்துக்கும் இடையே, நூறு யென் நாணய அகலத்தில் ஒரு துளை வெட்டினார். அதற்குக் கறுப்பு வலை தைத்து, சின்ன மடிப்பு ஒன்றால் மறைத்தார். காமிரா முன்னாலிருந்து பார்ப்பதால் அது தெரியாது. வலையின் நடுவில் விரல் நீளத்துக்குச் சிவப்புக் கம்பளி நூல் ஒன்றைக் கோத்துத் தொங்கவிட்டார். உள்ளே இருக்கிறவர் மூச்சுவிட்டால் நூல் துள்ளும். இழுத்தால் வலையோடு ஒட்டும்.

"டைரக்டருக்குத் தெரிஞ்சா?" என்றேன்.

"தெரியாது. உனக்கும் எனக்கும் ஹமுராவுக்கும் மட்டுந்தான். நூல் ஆடுறவரைக்கும் ஆளு இருக்காரு. அவ்வளவுதான்."

அந்த ரகசியம்தான் வினையாயிற்று.

இதற்கிடையில் பக்கத்து அரங்கில் ஒரு தீ விபத்து நடந்தது. ஒருவருக்குக் கை வெந்தது. தீயணைப்பு வாளிகள் காலியாக இருந்ததுதான் காரணம். எல்லாருக்கும் அது தெரியும். ஆனாலும் நிர்வாகம் கோயிலிலிருந்து பூசாரியை வரவழைத்தது. அவர் கிளையை வீசினார், உப்புத் தூவினார், மந்திரித்த காப்புத் தாள்களைக் கட்டாகக் கொடுத்துவிட்டுப் போனார். தயாரிப்பு மேலாளர் நெஸு அவற்றைக் காமிராவில் ஒட்டினார், விளக்குக் கம்பத்தில் ஒட்டினார். தீயணைப்பு வாளிக்கும் ஒரு தாள் ஒட்டினார்கள். தண்ணீர் மட்டும் ஊற்றவில்லை.

நெஸு கெட்டவர் அல்ல. ஹமுராவுக்கு நல்லது நடக்க வேண்டும் என்று உண்மையாக நினைத்தவர். அதனால்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆகஸ்ட் மாதம், மதியம் மூன்று மணி. அரங்கில் குளிர்சாதனம் கிடையாது. விளக்குகள் எரிந்தால் நாற்பது டிகிரி. அப்போதும் உள்ளே வருகிற ஒவ்வொருவரும் "காலை வணக்கம்" என்றுதான் சொல்வார்கள். அது எங்கள் தொழிலின் மரியாதை. பொம்மைக் கம்பெனியிலிருந்து நாலு பேர் வந்து மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஹிசானோ அக்கா ஹமுராவுக்கு உப்புப் போட்ட பார்லித் தேநீர் கொடுத்தார்.

"அக்கா, இன்னைக்கு நான் மயக்கமா மிதக்கணுமாம். அசையவே கூடாதாம். இதுதான்க்கா எனக்குக் கிடைச்சதுலயே சுலபமான வேஷம்."

"மயங்கின மாதிரி நடி. நெசமாவே மயங்கினா உன் பொண்டாட்டிகிட்டச் சொல்லிடுவேன்."

"ஐயோ, அவகிட்ட வேண்டாம். அதுக்கு நான் விண்வெளியிலேயே இருந்துடுறேன்."

உடையை மாட்டினார்கள். அக்கா முதுகுப் பட்டியை ஒட்டினார். காற்றடித்தார்கள், உடை திரண்டது. பிடரியில் நூல் துள்ளுவதைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த பசையைக் கழுவ வெளியே போனார். அந்தப் பசைக்குரிய கரைப்பானை விளக்குகளுக்குப் பக்கத்தில் திறக்க அனுமதி இல்லை. மூன்று நிமிட வேலை. அதற்குள் ஹமுராவைக் கம்பிகளில் கோத்து மேலே இழுத்தார்கள். தரையிலிருந்து ஆளுயரத்தில், முகம் காமிராவைப் பார்க்க, குப்புறப் படுத்த வாக்கில் தொங்கினார். நான் இருந்த இடத்திலிருந்து தங்க நிறம் பூசிய முகமூடிக் கண்ணாடிதான் தெரிந்தது. அதற்குப் பின்னால் நடப்பது எதுவும் தெரியவில்லை.

காட்சி இது. விமானி இருளில் மெல்ல மிதந்து வருகிறான். இரண்டாவது நிமிடத்தில் அவனுக்குப் பின்னால் கலம் வெடிக்கிறது. அதன் ஒளியில் நாற்பது செகண்ட் மிதக்கிறான். கலத்தின் மாதிரி ஒன்றே ஒன்றுதான் இருந்தது, மூன்று வாரம் கட்டியது. அதை இரண்டு முறை வெடிக்க முடியாது.

"ஸ்டார்ட்!" என்றார் உசுகி.

நான் ஸ்டாப்வாட்சை அழுத்தினேன். வேகக் காமிரா அலறத் தொடங்கியது. புகையைத் தள்ளும் மின்விசிறிகளும் சேர்ந்துகொண்டன. வசனம் பிறகு சேர்ப்பதுதான், சத்தத்தைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

அக்கா திரும்பிவந்து பக்கவாட்டில் கறுப்புத் திரையின் ஓரம் நின்றதை இருபதாவது செகண்டில் பார்த்தேன். அங்கிருந்து பிடரி தெரியும். அவர் உதடு அசைந்தது. எண்ணுகிறார்.

நாற்பதாவது செகண்டில் இடத்தை மாற்றினார். குனிந்தார், நிமிர்ந்தார், கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்த்தார். வெளிச்சம் போதவில்லையோ, நூல் பின்பக்கம் மடங்கிவிட்டதோ என்றுதான் அப்போது நினைத்தாராம்.

ஒரு நிமிடம் பதினைந்தாவது செகண்டில் ஹமுராவின் இடது கால் வெட்டி இழுத்தது.

"காலை ஆட்டாதடா" என்று உசுகி பல்லைக் கடித்தார்.

'1.15, இடது கால் அசைவு' என்று நான் எழுதினேன். எழுதினேன், அவ்வளவுதான்.

திரையோரம் நெஸு நின்றிருந்தார். அக்கா அவர் பக்கத்தில் போய் ஏதோ கேட்டதும், நெஸு சிரித்துத் தலையாட்டிப் பதில் சொன்னதும் எனக்குத் தெரிந்தன, கேட்கவில்லை. அந்தப் பேச்சை நெஸுவே பின்னால் என்னிடம் சொன்னார்.

"நெஸு-சான், பிடரியில ஒரு சிவப்பு நூல் இருக்கும். உங்க கண்ணுக்குத் தெரியுதா?"

"அதுவா? அதை நாந்தான் உள்ள மடிச்சு விட்டேன். மேலே இழுக்கிறதுக்கு முன்னாடி காப்புத் தாளை அதுமேல நல்லா ஒட்டி, ரெண்டு தடவை கைதட்டிக் கும்பிட்டேன். காமிராவுல தெரியாத இடமாப் பாத்து, சிவப்பு நூலு வேற வச்சு, தாள் ஒட்டுறதுக்குன்னே ஒரு வட்டம் தச்சிருக்கீங்களே! நீங்க இதையெல்லாம் நம்பமாட்டீங்கன்னு நெனச்சேன் அக்கா. சந்தோஷமா இருந்துச்சு."

ஹிசானோ அக்காவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவர் உசுகியைப் பார்த்துக் கத்தினார். வாய் திறந்தது தெரிந்தது. காமிராவும் விசிறியும் அதை விழுங்கிவிட்டன. மறுபடி கத்தினார். உசுகி திரும்பவில்லை.

எங்கள் தொழிலில் 'கட்' சொல்ல ஒருவருக்குத்தான் உரிமை. காமிரா ஓடும்போது சட்டகத்துக்குள் கால் வைப்பது கொலைக்கு அடுத்த குற்றம். தையல்காரி அப்படிச் செய்தாள் என்று அதற்குமுன் யாரும் கேள்விப்பட்டதில்லை. வெடிக்காரரின் கை பொத்தானில் இருந்தது. இன்னும் இருபது செகண்ட்.

ஒரு நிமிடம் நாற்பத்தொன்றில் ஹிசானோ அக்கா விண்வெளிக்குள் நடந்தார்.

நட்சத்திரத் திரைக்கு முன்னால், இடுப்பில் ஏப்ரன், கையில் துணி வெட்டும் பெரிய கத்தரி, காலில் சிவப்பு ரப்பர் செருப்பு. ஓடவில்லை. தரையில் கம்பிகள் கிடந்தன, தடுக்கினால் எல்லாம் போயிற்று. விடுவிடென்று நடந்தார்.

"யார் அது? பிரேமுக்குள்ள யாரு?" உசுகி எழுந்துவிட்டார். "வெளிய வா! வெளிய வா!"

வெடிக்காரர் பொத்தானிலிருந்து கையை எடுத்துத் தலைக்குமேல் தூக்கினார். அந்த ஒரு கையை என்னால் மறக்க முடியாது.

அக்கா கத்தரியை உடையின் தோளில் குத்தினார். நாற்பது நாள் உழைப்பு புஸ்ஸென்று சுருங்கியது. கழுத்துப் பட்டை தளர்ந்ததும் மடிப்பைக் கிழித்து, வளையத்தைத் திருகி, ஹெல்மெட்டைப் பிடுங்கினார். ஹமுராவின் தலை தொங்கியது. உதடு நீலமாக இருந்தது. அக்கா அவர் தாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூக்குக்குப் பக்கத்தில் காதை வைத்தார்.

"இறக்குங்க! கம்பியை இறக்குங்க!"

காமிரா நின்றிருந்தது. விசிறியும் நின்றது. அவ்வளவு பெரிய அரங்கில் அவர் எண்ணுவது மட்டும் கேட்டது. ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு வரவில்லை. வெகுநேரம் வரவில்லை. பிறகு ஹமுரா மாடு கத்துவதுபோல் ஒரு மூச்சை இழுத்து, பார்லித் தேநீரை எல்லாம் அக்காவின் ஏப்ரனில் வாந்தி எடுத்தார்.

"நாலு" என்றார் அக்கா.

நான் கீழே பார்த்தேன். என் ஸ்டாப்வாட்ச் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை கூட்ட அறைக்குக் கூப்பிட்டார்கள். நடந்ததைச் சொல்ல நானும் குறிப்பேட்டோடு போயிருந்தேன். பொம்மைக் கம்பெனிக்காரர்கள் முன்னால் ஹிசானோ அக்கா தலை குனிந்து மன்னிப்புக் கேட்க வேண்டும், அனுமதியில்லாமல் உடையில் துளை போட்டதாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார் உசுகி. நிர்வாகத்தின் அறிக்கை ஏற்கெனவே தட்டச்சாகியிருந்தது. 'நடிகரின் உடல்நலக் குறைவு காரணமாக' என்று அதில் இருந்தது.

அக்கா பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். பசையும் வியர்வையுமாகச் சுருண்டிருந்தது. 'பாதுகாப்பு' என்ற எழுத்து மட்டும் நன்றாகத் தெரிந்தது.

"துளை போட்டதுக்கு எழுதித் தரேன், டைரக்டர். அடைச்சதுக்கு யாரு எழுதித் தருவாங்க?"

"அதை ஒட்டினது நாந்தான்" என்று நெஸு எழுந்தார். "நல்லதுக்குத்தான்…"

"உக்காருங்க, நெஸு-சான். உங்களை நான் திட்டமாட்டேன். துளையை வெளிப்படையா வைக்க விட்டிருந்தா, இது மூச்சுக்கான துளைன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். திருட்டுத்தனமா வைக்கிற மாதிரி பண்ணினது யாரு? அதைக் கேளுங்க."

"அடுத்த கதைக்குப் புது உடை ஒம்பது நாள்ல வேணும்" என்றார் உசுகி மேசையைப் பார்த்தபடி.

"தைக்கிறேன். முன்னாடி துளை. முன்னாடி ஜிப். விரல் மடங்காட்டியும் இழுக்கிற மாதிரி அதுல ஒரு மஞ்சள் கைப்பிடி. இல்லாட்டி என் கத்தரியை நீங்களே வச்சுக்குங்க."

"பொம்மையில மஞ்சள் கைப்பிடி இல்லையே" என்றார் வந்தவர்களில் ஒருவர்.

மூலையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஹமுரா அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"அப்ப பொம்மையவே தொங்க விடுங்க சார். நான் போகமாட்டேன்."

அவருடைய குழுவில் இன்னும் ஆறு பேர் இருந்தார்கள். வாசலில் நின்ற அந்த ஆறு பேரும் நகரவில்லை. மஞ்சள் கைப்பிடி வந்தது. அக்கா மன்னிப்புக் கேட்கவில்லை.

ஒளிபரப்பு நாள் நெருங்கிவிட்டதால், கலத்தின் வெடிப்பை மட்டும் தனியே எடுத்து, எடுத்தவரை இருந்த ஷாட்டோடு வெட்டிச் சேர்த்தார்கள். இழுக்க முடிந்த கடைசி பிரேம்வரை இழுத்தார்கள். அதில் ஒரு பிழை. கண்ணிமைக்கும் நேரத்துக்கு, திரையின் கீழ் மூலையில், நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரு சிவப்பு ரப்பர் செருப்பின் நுனி தெரிந்தது. பெரியவர்கள் யாரும் கவனிக்கவில்லை. பிள்ளைகளிடமிருந்து பதினேழு அஞ்சலட்டைகள் வந்தன. நீகாதாவிலிருந்து நாகோ என்ற எட்டு வயதுப் பெண் எழுதியது மட்டும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "விண்வெளியில் யாருடைய செருப்பு?"

இப்படிப்பட்ட கடிதங்களுக்கு அனுப்ப அச்சடித்த பதில் ஒன்று எங்களிடம் உண்டு. அக்கா அதை ஒதுக்கிவிட்டு வெற்று அட்டை ஒன்றை எடுத்தார்.

"அது என் செருப்பு. உடைக்குள் இருந்தவருக்கு மூச்சு முட்டியது. திறந்துவிடப் போனேன். இப்போது நன்றாக இருக்கிறார்."

"அக்கா, உள்ள ஆளு இருக்காருன்னு எழுதக் கூடாதே. கனவு கலைஞ்சிடும்பாங்க."

"கலையட்டும். தபால்ல போடு."

போட்டேன். பத்து நாளில் நாகோவிடமிருந்து மறுபடி ஓர் அட்டை வந்தது. கனவு கலைந்ததாக அதில் ஒன்றும் இல்லை. பென்சிலில் ஒரே வரி எழுதியிருந்தாள்.

"உள்ளே இருந்தவரின் பெயர் என்ன?"

ஹிசானோ அக்கா அதை இரண்டு முறை படித்தார். ஏப்ரனில் கையைத் துடைத்துவிட்டு என் பேனாவை வாங்கி, அட்டையின் நடுவில், பெயர்ப் பட்டியலில் வரவேண்டிய அளவுக்குப் பெரிதாக எழுதினார்: ஹமுரா கெய்ஜி.